மலையிலிருந்து கோட்டைக்கு

அக்குறணையிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர். இடமாற்றக் கடிதம் கையில் கிடைத்த அன்று உம்மா ஒன்றைத்தான் கேட்டார்: "மவன், அங்கெ எங்கட ஆக்கள் ஈக்கிறாங்களா?" கோட்டைக்குள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார மூத்தம்மாவும் அதையே மறுபக்கமாகக் கேட்டார்: "கண்டி மலையில சோனவர் எப்பிடிப் போய்ச் சேர்ந்த?"

உம்மாவுக்கு விடை சொல்வது சுலபம். 1344இல் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெவிநுவரை வழியாகக் காலிக்கு வந்த இப்னு பதூதாவுக்கு இங்கே விருந்து கொடுத்தவர் இப்ராஹீம் என்ற மரக்கலத் தலைவர். காலியை ஒரு சிறிய ஊர் என்றுதான் இப்னு பதூதா குறித்திருக்கிறார். 1911இல் காலி நகரில் வடிகாலை மூடியிருந்த ஒரு கல்லைப் புரட்டியபோது, சீனக் கடற்தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறித்துக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு வெளிப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்கு, இந்தக் கல் கிடைத்த ஊரில் தமிழ் படிப்பிக்கக் கிடைத்ததில் ஒரு சின்னப் பெருமை. கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருப்பதில் சின்ன மனத்தாங்கலும் உண்டு.

மூத்தம்மாவின் கேள்விதான் கொஞ்சம் கனமானது. போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். சுமார் 4000 பேரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாறு. மலைநாட்டுக்குள் வந்தவர்கள் தவளம் ஓட்டினார்கள், உப்பைக் கொண்டுவந்து பாக்கைக் கொண்டுபோனார்கள், அரண்மனைக்கு வைத்தியமும் பார்த்தார்கள். எங்கட பக்கத்துப் பழைய உறுதிகளில் முஸ்லிம் பெயருக்கு முன்னால் "கெதர" என்று முடியும் சிங்கள வாசகமப் பெயர் நிற்பது அந்தக் காலத்தின் தடம். ஆக, கண்டிச் சோனகரில் பலருடைய மூதாதையர் கரையிலிருந்து மலை ஏறியவர்கள். நான் எதிர்த்திசையில் இறங்கி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். 1640 மார்ச்சில் காலி வீழ்ந்தது. கோட்டையை ஒல்லாந்தர் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இதைத்தான் சொல்வார்கள். புதிய எசமானர் சோனகரிடம் ஊழியம் வாங்கினார்கள், கட்டுப்பாடுகளும் விதித்தார்கள். ஆனாலும் வியாபாரம் நடக்க அவர்களுக்குச் சோனகர் வேண்டும். இன்றைய பெட்லர் வீதிக்கு அன்று சோனகச் சில்லறை வியாபாரிகளின் வீதி என்று பொருள்படும் ஒல்லாந்தப் பெயர். பக்கத்து லேன்பான் வீதி கயிறு திரித்த இடம். இந்தப் பெயர்களை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறகு தங்கள் வீதிப் பெயரைத் தாங்களாகவே விசாரிக்கிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்தன. பயணிகளுக்கு மாணிக்கம் விற்று வளர்ந்த வீடுகள் பல. மாக்கான் மாக்கார் நகை வணிகம் 1860இல் இங்கேதான் தொடங்கியது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்த பிறகு கப்பல்கள் மெல்ல அங்கே திரும்பின, பணமும் போனது. ஆனால் 1892இல் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி இந்தக் கோட்டைக்குள் எழுந்தது. துறைமுகம் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் ஊர் ஓதலுக்கு வீடு கட்டியிருக்கிறது.

காலி ஒரே ஊராகத் தெரிவது வெளியாளுக்கு மட்டும்தான். கோட்டையார் வேறு, தலாப்பிட்டியார் வேறு, கட்டுகொடையார் வேறு. பேச்சின் இழுவையே வேறுபடுகிறது. கலியாணச் சாப்பாட்டில் யார் வீட்டு வட்டிலப்பம் மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. (எங்கட ஊருதான் மேல் என்பது என் கட்சி. இங்கே வாய் திறப்பதில்லை.)

1988இல் கண்டியும் காலிக் கோட்டையும் ஒரே ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிந்திய காலத்தில் கோட்டைக்குள் வீட்டுக்கு விலை ஏறியது. ஒவ்வொன்றாக வீடுகள் விடுதிகளாகின்றன. மஃரிபுக்கு வெளிச்சவீட்டுப் பக்கத்துப் பள்ளிக்குப் போகும்போது, முன்பு யார் யாருடைய வாசல் அது என்று கூட வருகிற முதியவர் ஒருவர் எண்ணிக்கொண்டே வருவார்.

மூத்தம்மாவின் பிள்ளைகள் கொழும்பில். அவர்களும் விற்றுவிடச் சொல்கிறார்களாம். போன வாரம் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து, மடிப்பில் கிழிந்த பழைய உறுதி ஒன்றைக் காட்டினார். எழுத்து ஒல்லாந்தம். நாலு தலைமுறையாக வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

"மாஸ்டர், வித்தா இத யாருக்கும் குடுக்கத் தேவில்ல தானே? இதில யார்ர பேரு ஈக்கிதெண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைத் தேட வேண்டும். அதுவரை வீட்டை விற்க வேண்டாமென்று மூத்தம்மாவிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.