ஜொகூர் சுல்தானும் இலண்டன் வழக்கும்



'ஆல்பர்ட் பேக்கர்' என்னும் பெயரில் இங்கிலாந்தில் தங்கிய நம் ஜொகூர் சுல்தான் அபு பாக்கார், 1885-இல் தம்மை மணப்பதாக வாக்களித்து மீறினார் என மிகெல் என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். வாக்களித்தாரா என்பதை நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. அவர் தன்னுரிமை பெற்ற மன்னர் என்று குடியேற்ற நாட்டு அலுவலகம் எழுதிய கடிதமே முடிவானது என்றது. 1885 உடன்படிக்கையால் ஜொகூரின் வெளியுறவு பிரிட்டனிடம் இருந்ததே என்ற வாதம் எடுபடவில்லை. புனைபெயரில் வாழ்ந்ததால் மன்னரின் விலக்குரிமை போய்விடாது. நீதிமன்றத்தின் முன் அவரே உடன்பட்டால்தான் போகும் என்பது தீர்ப்பு.

சட்டம் தெளிவுதான். ஆனால் அப்பெண்மணியின் முறையீட்டை எவரும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மலேசியாவில் ஆட்சியாளர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்திற்கு 1993-இல்தான் வழி பிறந்தது.