பெட்டியின் விலை

நெய்வேலியில் பூமியைத் தோண்டி எடுத்து எரிக்கிறார்களே, அந்தப் பொருளுக்கு "லிக்னைட்" என்று பெயர். "லிக்னம்" என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. லிக்னம் என்றால் மரம். ஆகவே நெய்வேலி என்பது, எத்தனையோ யுகங்களுக்கு முன் மண்ணுக்குள் போன மரங்களை வெளியே எடுத்து மின்சாரமாக மாற்றும் ஊர் என்று சொன்னால் தவறில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-ல் கம்பெனி அமைந்ததும், 1961-ல் முதல் கரி மேலே வந்ததும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சரித்திரம்.

நான் சொல்ல வந்தது மண்ணுக்குள் போன மரத்தின் கதை அல்ல. தச்சன் கைக்குள் போன மரத்தின் கதை. வேலைப்பாடு அமைந்த ஒரு சின்ன மரப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். "அடடா!" என்கிறோம். விலையைச் சொன்னதும், "இந்தக் கட்டைக்கா இவ்வளவு?" என்கிறோம். இந்த "அடடா"வுக்கும் அந்த "இவ்வளவா"வுக்கும் நடுவில் ஒரு பெரிய சரித்திரமே அகப்பட்டுக்கொண்டு தவிக்கிறது.

நெய்வேலியிலிருந்து கிழக்கே போனால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் சீனாவில் அரக்குப் பூசிச் செதுக்கிய மரத் தட்டிகளும் பெட்டிகளும் நம்முடைய சோழமண்டலக் கரை வழியாகச் சீமைக்குக் கப்பலேறின. சீமைத் துரைமார்கள் அவற்றுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "கோரமண்டல் அரக்கு வேலை"! அதில் நம் ஊர்க் குச்சி ஒன்றுகூட இல்லை. செய்தவனுடைய ஊர் மறைந்தது; கப்பல் நின்ற கரையின் பெயர் நிலைத்தது. கைவேலை வியாபாரத்தின் விதியே இதுதான் போலிருக்கிறது.

நம் கரையிலேயே பிறந்த பெட்டிகளும் உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்தில் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கருங்காலி மரத்தில் தந்தம் பதிக்கும் வேலை பிரசித்தமாயிருந்தது. 1756-ல் அங்கு வந்துபோன ஒரு கம்பெனிக் காலத்துப் படை அதிகாரி, இந்த ஊர் சீட்டித் துணிக்கும் பதிப்பு வேலைக்கும் பெயர் போனது என்று எழுதி வைத்தார். பிற்பாடு சந்தன மரப் பெட்டியின்மேல் மெல்லிய தந்தத் தகடுகளை ஒட்டி, அதில் கொடியும் பூவும் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தையல் சாமான் வைக்க, கடிதம் எழுத, தேயிலை போட்டுப் பூட்ட என்று விதவிதமான பெட்டிகள் செய்தார்கள். சீமை வீட்டைப் போலவே கூரையும் ஜன்னலும் வைத்த பெட்டிகள்கூட உண்டு. அந்த வீட்டைக் கண்ணாலும் கண்டிராத தச்சன், அச்சுப் படத்தைப் பார்த்தே அதைத் தந்தத்தில் கட்டிவிட்டான்!

இன்று அந்தப் பெட்டிகள் லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால் பெரும் பணத்துக்குப் போகின்றன. செய்தவன் பெயரைப் பெரும்பாலும் யாரும் அறியார்.

கன்னட நாட்டில் சாகர், சொரப் என்ற ஊர்களில் சந்தனப் பெட்டி செதுக்கும் குடும்பங்களுக்குக் "குடிகார்" என்று பெயர். வாசகர்கள் அவசரப்பட்டு வேறு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது! கன்னடத்தில் "குடி" என்றால் கோயில். கோயில் வேலை செய்தவர்கள் என்பதால் வந்த பெயர். ஆனால் அவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. சந்தனக் கட்டை நிறுத்து விற்கும் பொருள். ஆகவே பெட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கட்டையின் எடையைத்தான் மனத்தில் நிறுக்கிறார்கள். வாசனைக்கு ஒரு விலை உண்டு. கண் நோகச் செதுக்கிய நாட்களுக்கு விலை எங்கே?

அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று பார்க்கலாம். பச்சை மரத்தில் பெட்டி செய்தால் அடுத்த கோடையில் மூடி வாயைப் பிளந்துவிடும். ஆகையால் பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, மாதக் கணக்கில் நிழலில் உலர விட வேண்டும். வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்கும். அதைக் கழித்து வைரம் பாய்ந்த பகுதியை எடுக்க வேண்டும். மூலைகளைப் புறாவின் வாலைப் போல அறுத்து ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும். அடிப்பலகையை ஆணியால் அறைந்துவிட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பி வெடிக்கும். காடி எடுத்து அதற்குள் நகர இடம் விட்டுப் பொருத்த வேண்டும். தேர்ந்த தச்சர் சிலர் ஆறு பக்கமும் அடைத்து முழுப் பெட்டியாகச் செய்து, பிறகு ரம்பத்தால் சுற்றி அறுத்து மூடியைப் பிரிப்பார்கள். அப்போதுதான் மரத்தின் ரேகை மூடியிலிருந்து உடலுக்குத் தடையில்லாமல் ஓடும்.

இதற்குப் பிறகுதான் மெருகு. உப்புத்தாளில் முரட்டுத் தாள் முதல் மெல்லிய தாள் வரை வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் மரத்தின் நார் எழுந்து நிற்கும்; மறுபடியும் தேய்க்க வேண்டும். சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் பூசி, உலர விட்டு, மீண்டும் பூசி... பொறுமைசாலிகளுக்கே இந்த வேலை!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மரம், கீல், பூட்டு, அரக்கு எல்லாம் சேர்த்து 500 ரூபாய். வேலை நான்கு நாள். நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி என்று வைத்தாலும் 3,200. கடைக்காரர் வாடகையும் லாபமும் சேர்க்கும் முன்பே 3,700 ஆகிவிட்டது. நாமோ, "1,500-க்குக் கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் 400 எடுத்துக்கொண்டால், சாமான் செலவு போகத் தச்சனுக்கு மிஞ்சுவது 600. நாளொன்றுக்கு 150 ரூபாய்!

தச்சன் என்ன செய்வான்? கண்ணுக்குத் தெரியாத வேலையை முதலில் குறைப்பான். மரம் உலரும் காலம் குறையும். ஐந்து பூச்சு இரண்டாகும். பெட்டி ஒரு வருஷத்தில் விரியும். "பார்த்தீர்களா, கைவேலை எல்லாம் இவ்வளவுதான்" என்று நாம் தீர்ப்புச் சொல்வோம். நாமே கெடுத்துவிட்டு நாமே நீதிபதியாகவும் இருப்பது எவ்வளவு சௌகரியம்! தச்சன் தன் பிள்ளையை உளி பிடிக்க விடாமல் ஐ.டி.ஐ.யில் சேர்க்கிறான் என்றால் அவன்மேல் குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

தந்த வியாபாரத்தை 1986-லும் 1991-லும் திருத்திய சட்டம் அடியோடு தடுத்தது. நல்ல காரியம். யானையின் உயிரைவிடப் பெட்டி பெரிதல்ல. ஆனால் தந்தம் போனால் கலை போக வேண்டியதில்லை. மதிப்பு தந்தத்திலா இருந்தது? கீறிய கையில் அல்லவா இருந்தது?

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறது. அங்குள்ள பலா மரம் தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது. அந்த வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீணையின் விலையை யாரும் கட்டையின் விலையோடு ஒப்பிடுவதில்லை. அது பாடிக் காட்டிவிடுகிறது. பாவம், பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறது! பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கும் 2021-ல் அதே குறியீடு கிடைத்தது. போலிக்காரர்கள் அந்தப் பெயரைத் திருடாமல் சட்டம் காக்கும். நியாயமான கூலியைச் சட்டம் தராது. வாங்குகிறவர்கள்தாம் தர வேண்டும்.

ஆகவே அடுத்த முறை கடையில் ஒரு பெட்டியை எடுக்கும்போது, "என்ன மரம்?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "எத்தனை நாள் வேலை?" என்றும் கேளுங்கள். மூடியைத் திறந்து மூலைகளைப் பாருங்கள். அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுங்கள். திருப்தியில்லையென்றால் வாங்காமலே வந்துவிடுங்கள். பாதி விலைக்குக் கேட்டு வாங்குவதைவிட அது தச்சனுக்குச் செய்கிற பெரிய மரியாதை.