உடனிருந்த லூக்கா, மீண்டும் அழைக்கப்பட்ட மாற்கு

திருத்தூதர் பவுலின் பெயரில் வழங்கும் திமொத்தேயுவுக்கான இரண்டாம் கடிதம், அவர் உரோமையில் சிறைப்பட்டிருந்த காலத்தைச் சொல்கிறது. அதன் 4ஆம் அதிகாரத்தில் தோழர்களைப் பற்றிய கணக்கு வருகிறது. தேமா விட்டுப் போய்விட்டார். வேறு சிலர் வெவ்வேறு இடங்களுக்குச் சென்றுவிட்டனர். லூக்கா மட்டுமே உடனிருக்கிறார்.

லூக்கா ஒரு மருத்துவர். திருத்தூதர் பணிகள் நூலை எழுதியவர் அவரே என்பது திருச்சபை மரபு. கைதியாகப் பவுல் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கடற்பயணத்தை அந்நூல் 'நாங்கள்' என்றே விவரிக்கிறது. 276 பேருடன் சென்ற கப்பல் 14 நாட்கள் புயலில் அலைந்து மால்டாக் கரையில் உடைந்தது. அனைவரும் உயிர் தப்பினர்.

அதே கடிதத்தில், மாற்குவை அழைத்துவரும்படி பவுல் கேட்கிறார். முதற்பயணத்தில் பம்பிலியாவிலிருந்து பாதியில் திரும்பியவர் மாற்கு. அதனால் அடுத்த பயணத்தில் அவரைச் சேர்க்கப் பவுல் மறுத்தார். இதில் பர்னபாவோடு கடும் பிணக்கு ஏற்பட்டு இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்குவைக் கைவிடாமல் சைப்பிரசுக்கு அழைத்துச் சென்றார். அன்று தள்ளப்பட்டவரே, பின்னர் பணிக்குப் பயனுள்ளவர் எனத் தேடப்பட்டார்.

துரோவாவில் விட்டுவந்த மேலாடையையும் நூல்களையும் கொண்டு, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி திமொத்தேயுவிடம் பவுல் வேண்டுகிறார். சிறையிலிருப்பவருக்கு வேண்டிய துணை இவ்வளவுதான்: ஓர் உடுப்பு, ஒரு புத்தகம், தேடி வரும் ஒரு முகம். இடைவழியில் தளர்ந்து திரும்பியவருக்கும் அந்தத் தோழமையில் மீண்டும் இடமிருந்தது.