யாருடைய ஓம்?

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. தரைக்கடியில் போகும் கேபிளைச் சோதிக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கேபிள் முனையில் மெக்கரை மாட்டிப் பார்த்துவிட்டு "ரெண்டு" என்றார். நோட்டுடன் நின்றவர் நிமிர்ந்து, "எதுலண்ணே? கிலோவா, மெகாவா?" என்று கேட்டார். இரண்டு மெகா ஓம் என்றால் அந்தக் கேபிளை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். இரண்டு கிலோ ஓம் என்றால் உறைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, தெருவைத் தோண்டியாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நூற்றறுபது வருஷ வயது இருக்கும். அதன் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு லண்டனுக்குச் சேதி உடனே போகவேண்டும் என்ற அவசரத்தில், சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிவரை 1859-60இல் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். சுமார் 8 லட்சம் பவுண்டு செலவு. கொஞ்ச நாளிலேயே கம்பி செத்துப்போனது.

கடலுக்கடியில் பழுதான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பியின் நீளம் கூடினால் மின்தடையும் கூடும். கரையில் தடையை அளந்து, ஒரு மைலுக்கான தடையால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். செங்கடல் கம்பியில் மின் ஆலோசகராக இருந்த வெர்னர் சீமென்ஸ் இந்த வழியைத்தான் நம்பினார். ஆனால் தடையை எதில் சொல்வது? பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கிலோமீட்டர் இரும்புக்கம்பி, ஆங்கிலேயர்களுக்கு ஒரு மைல் செப்புக்கம்பி என்று ஆளுக்கொரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் கம்பி இன்னொன்றைப்போல் இருக்காது. சீமென்ஸ் 1860இல் பாதரசத்தைப் பரிந்துரைத்தார்: பனி உருகும் வெப்பநிலையில், ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவு. கண்ணாடிக்குழாய் இருந்தால் யாரும் செய்துகொள்ளலாம்.

1861இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. நீளம், நிறை, நேரம் ஆகியவற்றிலிருந்தே தடையை வருவிக்க விரும்பியது. அப்படிப் பிறந்ததுதான் அவர்களுடைய ஓம். ஒரு சீமென்ஸ் அலகு அதில் சுமார் 0.953. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தானே என்று தோன்றும். மைலுக்கு 10 ஓம் உள்ள கம்பியில் 2000 சீமென்ஸ் அலகு காட்டினால், பழுது இருக்குமிடம் 190 மைல் சொச்சம். அதையே ஓம் என்று படித்தால் 200 மைல். பழுதுபார்க்கும் கப்பல் ஒன்பது மைல் தள்ளி நின்று கடலைத் துழாவும்.

சரி, ஓமாவது நிலையாக இருந்ததா? 1880களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ரேலி மறுபடி அளந்தபோது, பழைய ஓம் சுமார் 1.3 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. 1884இல் பாதரசத் தூண் 106 சென்டிமீட்டர் ஆனது, 1893இல் 106.3. ஓமை வரையறுக்கக் கடைசியில் சீமென்ஸின் பாதரசமே தேவைப்பட்டது, நீளம் மட்டும் வேறு. 1948இல் அந்த ஓமும் போய், அதைவிட இருபதில் ஒரு சதவீதம் சிறிய ஓம் வந்தது. ஆகவே 1870ஆம் வருஷத்து ஏட்டில் 'ஓம்' என்றிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வருஷத்தையும் பார்க்க வேண்டும்.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். அலகை மனதில் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் அனுப்பிய நாட்கள் உண்டு. வாங்குகிறவருக்குத் தெரியும் என்ற நினைப்புதான். நோட்டு வைத்திருந்தவர் அப்படி நினைக்கவில்லை.

"கிலோதான்" என்றார் முதலாமவர். மற்றவர் அதை எழுதிக்கொண்டபிறகுதான் கடப்பாரையை எடுத்தார்கள்.