இரு கவைகளும் ஒரு தண்டும்: கார்டானோவிலிருந்து பர்கூர் வரை

பர்கூர் என்றவுடன் நண்பர்கள் பலர் மாட்டினத்தைப் பற்றிக் கேட்பார்கள். அந்தப் பர்கூர் ஈரோடு மாவட்டத்து மலையில் இருக்கிறது. நான் சொல்லும் பர்கூர், 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரே பெயரை இரண்டு ஊர்கள் தாங்குவதால் நேரும் குழப்பம் சிறியது. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பெயர் நிலைத்துவிடும்போதுதான் வரலாறு கோணிப்போகிறது. அப்படி ஒரு கோணலைப் பற்றியது இக்கட்டுரை. தமிழ் படித்தவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

ஒசூரில் ஆலைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், அறுபதுகளில் செய்யப்பட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் போற்றி வருகிறார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதற்கு வண்ணம் பூசி, பாகங்களைக் கழற்றி மாட்டித் தந்தார்கள். அதன் பிறகு ஸ்டியரிங் பழையபடி இல்லை. சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் இரண்டு இடங்களில் இறுகியது, இரண்டு இடங்களில் இளகியது. வளைவில் கை ஒன்று நினைக்க வண்டி வேறொன்று செய்தது. பேத்தியை ஏற்றிக்கொண்டு போக அஞ்சி, வண்டியை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். என் மாணவன் ஒருவனின் தந்தை பர்கூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். கடைசியாக அவரிடம் காட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் அழைத்துப் போனேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: “சார், ஜாயிண்ட்ல குத்தமில்லை, மாட்டுனதுலதான் குத்தம்.”

அந்த வாக்கியத்துக்கு முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

யுனிவர்சல் ஜாயிண்ட் என்பது எளிய அமைப்பு. இரண்டு தண்டுகளின் முனைகளிலும் கவைக்கோல் போன்ற ஒரு பிளவு. இரண்டு கவைகளையும் இணைக்க நடுவில் ஒரு சிலுவை. பட்டறை மொழியில் அதற்குக் ‘கிராஸ்’ என்று பெயர். நேர்கோட்டில் இல்லாத இரு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துவது இதன் வேலை. ஐரோப்பாவின் பல மொழிகளில் இதைக் ‘கார்டான்’ என்றே அழைக்கிறார்கள். ஜெரோலமோ கார்டானோ (1501–1576) இத்தாலிய மருத்துவர், கணித மேதை. 1550இல் வெளிவந்த தம் நூலில், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களைக் கோத்து, எப்படிச் சாய்த்தாலும் நடுப்பொருள் நேராக நிற்கும் தொங்கமைப்பை விவரித்தார். அதைத் தாமே கண்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. அத்தகைய அமைப்பு சீனத்திலும் இடைக்கால ஐரோப்பாவிலும் முன்பே இருந்தது. ஆயினும் பெயர் அவருக்குப் போயிற்று.

1664இல் காஸ்பர் ஷாட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் சுழற்சியைக் கடத்தும் இணைப்பைத் தம் நூலில் எழுதினார். ஒரு தண்டு சீராகச் சுழன்றால் மற்றதும் சீராகச் சுழலும் என்று நம்பினார். அது பிழை. பிழையைக் கண்டவர் இலண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைப் பொறுப்பாளராக இருந்த ராபர்ட் ஹூக் (1635–1703). 1676இல் அவர் எழுதிய நூலில்தான் ‘யுனிவர்சல் ஜாயிண்ட்’ என்ற பெயர் வருகிறது.

ஹூக் கண்டது இதுதான். இரு தண்டுகளுக்கிடையே 30 பாகைக் கோணம் இருப்பதாகக் கொள்வோம். முதல் தண்டு சீராகச் சுழன்றாலும், இரண்டாவது அதன் வேகத்தில் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தயங்கும். ஹூக் இதைக் குறையாக மட்டும் பார்க்கவில்லை. சூரியன் வானில் சீராக நகர்ந்தாலும், தரையில் வைத்த நிழற்கடிகாரத்தில் நிழல் சீராக நகர்வதில்லை. அந்த ஏற்றத்தாழ்வும் இந்த இணைப்பின் ஏற்றத்தாழ்வும் ஒரே கணக்கு என்று கண்டு, நிழற்கடிகாரம் வரைய இதையே கருவியாக்கலாம் என்றார்.

ஏற்றத்தாழ்வு வேண்டாத இடத்துக்கும் அவரிடம் விடை இருந்தது: இன்னோர் இணைப்பைச் சேர்ப்பது. நன்னூலார் சொல்லும் விகாரங்களில் திரிதல் ஒன்று. இங்கே முதல் இணைப்பில் நேரும் திரிபை இரண்டாவது இணைப்பு எதிர்த்திரிபால் நேர்செய்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. இரு கோணங்களும் சமமாக இருக்கவேண்டும். இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். ஒரு கவை 90 பாகை விலகினால் திரிபுகள் ஒன்றையொன்று அழிப்பதற்குப் பதிலாகப் பெருகும். 30 பாகைக் கோணத்தில் வேகம் 0.75இலிருந்து 1.33 வரை அலையும்.

கார் காலத்தில் இந்த இணைப்பு சங்கிலியின் இடத்தைப் பிடிக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். 1903இல் அவர் காப்புரிமை பெற்றார். தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசென்றவை இத்தகைய இணைப்புகளே. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஒசூருக்கு வந்தது. நம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் அடியில் எல்லாம் ஹூக்கின் கணக்குச் சுழல்கிறது. பர்கூர் பெரியவர் அதை அங்கேதான் கற்றார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். ஸ்டியரிங் சக்கரத்தில் ஒரு காகித முள்ளும், கீழே ரேக்கில் நுழையும் தண்டில் இன்னொரு முள்ளும் ஒட்டினார். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சம அளவில் திருப்பி, கீழ்முள் எவ்வளவு நகர்கிறது என்று பையனைக் குறிக்கச் சொன்னார். குறிகள் நெருங்கியும் விலகியும் விழுந்தன. பிறகு இடைத்தண்டைக் கழற்றி, கவைகள் ஒரே தளத்தில் வருமாறு பற்களை மாற்றி மாட்டினார். ஏற்றத்தாழ்வு குறைந்தது, மறையவில்லை. நண்பரின் முகம் வாடியது. பெரியவர் சிரித்தார். “லாரியில தண்டு கீழ்வாக்குல மட்டும் சாயும். இதுல பக்கவாட்டிலயும் சாயுது பாருங்க சார்.”

நுட்பம் அங்கேதான் இருந்தது. மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் கிடந்தால்தான் கவைகளை நேராக வைக்கும் விதி செல்லும். எஞ்சினை விலகிப் போவதற்காகத் தண்டு கீழும் பக்கமுமாக வளைந்தால், அவ்விரு தளங்களுக்கும் இடையே எவ்வளவு கோணமோ அவ்வளவு கவையையும் திருப்பியாக வேண்டும். தண்டில் 36 பற்கள். ஒரு பல் என்றால் 10 பாகை. ஒரு பல் தள்ளி மாட்டினார். குறிகள் ஏறக்குறையச் சம இடைவெளியில் விழுந்தன.

அதன் பிறகு, பூட்டு போல்ட் தண்டின் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் புது வண்ணத்தைச் சுரண்டினார். கீழே இரண்டு சிறிய உளிப்புள்ளிகள், ஒன்றுக்கு நேர் ஒன்றாக. என்றோ ஒருவர், பின்னால் வருபவருக்காக வைத்த அடையாளம். வண்ணம் பூசியவர்கள் அதைப் பார்க்காமலே மூடிவிட்டார்கள்.

கார்டானோவுக்குத் தாம் கேளாத பெயர் கிடைத்தது. ஹூக்குக்கோ ஐயமற்ற உருவப்படம் ஒன்றுகூட இன்று இல்லை. புள்ளி வைத்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. நண்பர் வண்டியை விற்கவில்லை. சென்ற வாரம் பேத்தியோடு கிருஷ்ணகிரி அணைவரை போய்வந்ததாகச் சொன்னார். பெரியவர் அந்தப் பழைய புள்ளிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்.