புத்தகம் கற்பித்த ஆட்டம்

சீட்டு விளையாட்டு என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது சூதுதான். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பாரதக் கதையிலே ஓர் அரசு சூதாட்டத்தில் தொலைந்தது. ஆகவே இலக்கியத் தொடரொன்றில் சீட்டுக்கட்டைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பேச வந்தது சூதைப் பற்றியன்று. ஒரு நூல்வகையைப் பற்றி. பிரிட்ஜ் என்ற ஆட்டத்தைக் கற்றுத் தருவதற்கென எழுந்த நூல்களுக்கு ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் வணிகம் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, மனித உறவின் சிக்கலும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கடதாசி விளையாட்டு என்றால் அது முந்நூற்றி நாலுதான். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, இராசாவுக்கு மூன்று, இராணிக்கு இரண்டு. ஓர் இனத்துக்கு எழுபத்தாறாக, நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. இந்த ஆட்டத்தைப் புத்தகம் பார்த்துக் கற்றவர் எவரையும் நான் கண்டதில்லை. திண்ணையில் பெரியவர்கள் ஆட, பின்னால் குந்தியிருந்து பார்த்தே எல்லோரும் பழகினோம். ஆடுதன், கலாவரை, உருவித்தன், இஸ்கோப்பன் என்று நாம் சொல்லிவந்த இனப்பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. ஆட்சி போயிற்று, கோட்டைகள் சிதைந்தன, சீட்டின் பெயர்கள் மட்டும் நாவிலே தங்கிவிட்டன. வாய்வழிக் கல்விக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரிட்ஜ் எனக்கு அப்படி வாய்க்கவில்லை. அதை ஆடும் பெரியவர் எவரும் எங்கள் திண்ணையில் இருக்கவில்லை. கொழும்பு மருதானையின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களே என் ஆசிரியர்கள். வெவ்வேறு காலத்தில் அச்சான மூன்று நூல்கள் முதலிற் கிடைத்தன. ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. ஒரே கையை ஒன்று 'பிடி'களால் அளந்தது. மற்றது 'புள்ளி'களால் அளந்தது. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்கு வித்து.

தேடிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் 1742ஆம் ஆண்டில் போய் நிற்போம். அப்போது பிரிட்ஜ் இல்லை. அதன் பாட்டியாகிய 'விஸ்ற்' என்ற ஆட்டமே இலண்டனில் செல்வாக்குப் பெற்றிருந்தது. எட்மண்ட் ஹொய்ல் என்பவர் வசதி படைத்தோருக்கு விஸ்ற் கற்பித்து வாழ்ந்தவர். மாணாக்கருக்கென எழுதிக் கொடுத்த குறிப்புகளையே அவர் அவ்வாண்டு சிறு நூலாக அச்சிட்டார். விலை ஒரு கினி. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. நூல் வெளிவந்த சூட்டோடு திருட்டுப் பதிப்புகளும் மலிவு விலையில் வந்துவிட்டன. உண்மைப் பிரதி எதுவெனக் காட்ட ஹொய்ல் ஒவ்வொரு பிரதியிலும் தம் கையொப்பத்தை இட வேண்டியதாயிற்று.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதுவரை ஆட்டத்தின் நுட்பம் என்பது மேசையிலே பணம் வெல்வதற்கான இரகசியம். தெரிந்தவன் சொல்ல மாட்டான். சொல்வதானால் காசு கேட்பான். ஹொய்லின் நூலோ அந்த இரகசியத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வென்றவன் தோற்றவனைவிட அதிகம் படித்தவனாகவும் இருக்கலாம் என்ற நிலை தோன்றியது. ஹொய்ல் 1769இல் மறைந்தார். ஒன்று முறைப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது.

விஸ்ற் ஆட்டத்தில் கேள்வி கிடையாது. பங்கிடுபவரின் கடைசிச் சீட்டு எந்த இனமோ அதுவே துரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நால்வரில் ஒருவரின் கை மேசையில் விரிக்கப்படும் 'டம்மி' முறையோடு பிரிட்ஜ் என்ற பெயர் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரும்பை ஏலம் கேட்கும் ஒக்ஷன் பிரிட்ஜ் வந்தது. ஆயினும் இன்று நாம் அறியும் ஆட்டத்துக்கு உருக் கொடுத்தவர் ஹரல்ட் வண்டபில்ற் என்ற அமெரிக்கச் செல்வந்தர். 1925ஆம் ஆண்டு, பனாமாக் கால்வாய் வழியாகச் சென்ற 'பின்லாந்து' என்ற கப்பலில், நண்பர் மூவரோடு அவர் புதிய புள்ளிமுறை ஒன்றை ஆடிப் பார்த்தார். கேட்ட பிடிகள் மட்டுமே ஆட்டத்துக்குக் கணக்காகும். கேளாமல் எடுத்தவை உபரி என்பதே அதன் சாரம். இதே எண்ணம் பிரெஞ்சுக்காரரின் 'பிளாபோன்' ஆட்டத்தில் முன்னரே இருந்தது. வண்டபில்ற் அதற்குப் புதிய புள்ளி அட்டவணை அமைத்தார். அதுவே கொன்ராக்ற் பிரிட்ஜ்.

சிறு மாற்றம்போலத் தோன்றும். விளைவோ பெரிது. எடுக்கக்கூடியதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றானபோது, எதிரே இருக்கும் கூட்டாளியின் கையிலே என்ன உண்டு என்பதை அறிய வேண்டியதாயிற்று. பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. ஏலத்தில் சொல்லும் சொற்களே தூது. அச்சொற்களும் மிகச் சில. ஒன்று முதல் ஏழு வரையான எண்கள், நான்கு இனங்கள், துரும்பின்மை, பாஸ், டபிள், றீடபிள் - ஆக மொத்தம் பதினைந்து. இந்தப் பதினைந்து சொற்களைக் கொண்டு பதின்மூன்று சீட்டை விபரிக்க வேண்டும். ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுச் சேர்க்கைகளோ 635,013,559,600. இத்தனை பெரிய உலகத்துக்கு இத்தனை சிறிய அகராதி! இலக்கணம் எழுத ஒருவர் வந்தே தீரவேண்டிய மொழியல்லவா இது?

வந்தவர் ஈலி கல்பேர்ட்சன். 1891இல் ருமேனியாவில் பிறந்தவர். தந்தை அமெரிக்கர், தாய் ரஷ்யர். ரஷ்யப் புரட்சியில் குடும்பச் செல்வம் போனபின் சீட்டையே தொழிலாகக் கொண்டவர். 1929இல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 1930இல் 'நீல நூல்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தம் கேள்விமுறை நூலை வெளியிட்டார். ஆசுகளும் இராசாக்களும் எத்தனை பிடி பெறும் என்று கணக்கிடும் முறை அவருடையது. பழைய முறையினரின் சார்பில் சிட்னி லென்ஸ் அவரை எதிர்த்தார். 1931 டிசம்பரில் நியூயோர்க்கில் தொடங்கி 1932 ஜனவரி வரை 150 'ரப்பர்'கள் நடந்த அப்போட்டியைப் பத்திரிகைகள் போர்ச் செய்திபோல வெளியிட்டன. மனைவி ஜோசபினையும் வேறு சிலரையும் மாறிமாறிச் சோடியாகக் கொண்டு ஆடிய கல்பேர்ட்சன் 8,980 புள்ளிகளால் வென்றார்.

அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொழிலிழந்து வீட்டிலிருந்தோருக்கு நால்வர் கூடிப் பொழுதுபோக்க ஒரு கட்டுச் சீட்டுப் போதும். கல்பேர்ட்சன் விற்றது வெறும் விதிகளை அல்ல. படித்தால் எவரும் சமமாக ஆடலாம் என்ற நம்பிக்கையையே விற்றார். எனினும் அவர் முறையைக் கற்பது எளிதன்று. அரைப்பிடி, ஒன்றரைப்பிடி என்ற கணக்குகள் தொடங்குநரைத் திணறடித்தன.

அத்திணறலைத் தீர்த்தவர் சாள்ஸ் கோரன். இவர் கதை புத்தகம் பார்த்துக் கற்போர் எல்லோருக்கும் ஆறுதல் தருவது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற காலத்தில், இவருடைய ஆட்டத்தைக் கண்டு ஒரு பெண் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு உறுத்தியது. மில்ற்றன் வேர்க் என்பவரின் நூலை வாங்கி மாதக்கணக்கில் படித்தார் கோரன். பின்னர் பிலடெல்பியாவில் வழக்கறிஞராக இருந்துகொண்டே வேர்க்குக்கு உதவியாளராகி, இறுதியில் வழக்குத் தொழிலையே கைவிட்டார். ஆசுக்கு நான்கு, இராசாவுக்கு மூன்று, இராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று என்ற எளிய எண்ணிக்கையை முன்னரே பரப்பியவர் வேர்க்தான். கோரன் அதனோடு இனமின்மைக்கும் குறைவுக்கும் தனிப்புள்ளி சேர்த்து 1949இல் நூலாக்கினார். கட்டில் உள்ள மொத்தப் புள்ளி 40. சோடியிடம் 26 இருந்தால் ஆட்டம் கேட்கலாம். 33 இருந்தால் பன்னிரண்டு பிடி கேட்கலாம். ஒரு பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. 1958இல் 'ரைம்' சஞ்சிகையின் அட்டையில் கோரனின் முகம் வந்தது. என் மூன்று நூல்களின் முரண்பாடும் இதனால் விளங்கிற்று. அவை முரண்படவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த தலைமுறைகள்.

கேள்விமுறையை நூல்கள் விதியாகத் தருகின்றன. ஆடும் முறையை அப்படித் தர முடியாது. அதை உதாரணங்களால்தான் தரலாம். நூலில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு கைகளும் அச்சிட்டிருக்கும். நான் கிழக்கையும் மேற்கையும் ஒரு மட்டையால் மறைத்துவிட்டு, சீட்டுகளை மேசையில் பரப்பி ஆடிப் பார்ப்பேன். அவற்றுள் ஒன்றை இங்கே சொல்லலாம். டம்மியிலே ஓர் இனத்தில் ஆசு, இராசா, ஏழு, ஆறு, மூன்று. என் கையில் எட்டு, ஐந்து, இரண்டு. டம்மிக்குப் போக வேறு வழி கிடையாது. எதிரிகளிடம் உள்ள ஐந்து சீட்டும் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்திருக்க நூற்றுக்கு 68 வாய்ப்பு. ஆசையோடு ஆசையும் இராசாவையும் முதலில் அடித்தால் இரண்டு பிடி வரும். மூன்றாம் சுற்று எதிரிக்குப் போகும். பின்னர் டம்மியிலே மிஞ்சும் இரண்டு சீட்டும் நல்லவையாயினும், எட்டாத கிளையின் பழங்கள்தாம்.

நூல் என்ன சொல்கிறது? முதற் சுற்றிலேயே சிறிய சீட்டைப் போட்டுப் பிடியை எதிரிக்கு விட்டுவிடு என்கிறது. அடுத்த முறை இராசா, அதன்பின் ஆசு. எதிரிகளின் சீட்டுகள் தீர்ந்துவிடும். ஏழும் ஆறும் பிடியெடுக்கும். ஆக நான்கு பிடி. எப்படியும் இழக்க வேண்டிய ஒன்றை, இழப்பதற்கு உகந்த நேரத்தில் இழப்பது. உபதேசமாகச் சொன்னால் ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டுவிடுவோம். சீட்டைப் பரப்பி, கையால் அந்தச் சிறு சீட்டை எடுத்துப் போடும்போதுதான் அது மனத்தில் ஏறுகிறது.

ஆயினும் விதிகளும் கணக்குகளும் ஓர் எல்லையோடு நின்றுவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டி எழுதியவர் எஸ். ஜே. சைமன். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிறந்து, இலண்டனில் வாழ்ந்து, நகைச்சுவை நாவல்களும் எழுதியவர். பிரிட்ஜில் நாம் ஏன் தோற்கிறோம் என்பதை ஆராயும் அவர் நூல் 1945இல் வந்தது. திறமையின்மையைவிடத் தற்பெருமையும் பிடிவாதமுமே நம்மைத் தோற்கடிக்கின்றன என்பதே அவர் முடிவு. அதைக் காட்டக் கதாபாத்திரங்களைப் படைத்தார். தம்மைப் பற்றிய நிறைவிலே திளைக்கும் ஒருவர், நுணுக்கம் பேசிப் பேசியே கெடுக்கும் ஒருவர், எதுவும் புரியாமல் ஆடும் ஓர் அம்மையார், அதிட்டமில்லாத ஒரு நிபுணர். கூட்டாளி நிபுணரல்ல என்றால், நிபுணருக்குரிய பாதையில் அவரை இழுக்காதே. அவரோடு சேர்ந்து அடையக்கூடியதை அடை என்பது அவர் போதனை. 1965இல் விக்டர் மொல்லோ விலங்குப் பெயரிட்ட பாத்திரங்களைக் கொண்டு கதைகளாகவே எழுதினார். கற்பிக்கும் நூல் இப்படித்தான் இலக்கியத்தின் வாசலுக்கு வந்தது.

வேடிக்கையாக மட்டும் இதைக் கருதிவிட முடியாது. 1929இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் கணவன் மனைவி சோடியாக ஆடிய ஆட்டமொன்று சச்சரவில் முடிந்து, மனைவி கணவனைச் சுட்டுக் கொன்ற வழக்கு உலகப் பிரசித்தம். அவர் விடுதலையானார். மேசைக்கு மறுபுறத்தில் இருப்பவரை நம்புவது எப்படி என்பதை எந்தப் புள்ளி அட்டவணையும் கற்பிப்பதில்லை. முந்நூற்றி நாலிலே துரும்பை மறைத்து வைப்போம். பிரிட்ஜிலோ சோடியின் மொழி முழுவதும் எதிரிக்கும் விளக்கப்பட வேண்டும் என்பது விதி. மறைத்துக் கைகாட்டுவது குற்றம். கண்ணசைவு, குரலின் ஏற்ற இறக்கம் யாவும் விலக்கப்பட்டு, சொல் ஒன்றே எஞ்சி நிற்கும் உரையாடல் அது. நான்கு பேரும் ஒரே மொழியைக் கேட்கிறார்கள்; அதற்குள்ளேயே இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று கணினியும் கைத்தொலைபேசியும் பிரிட்ஜைக் கற்பிக்கின்றன. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இவ்வாட்டம் இடம்பெற்றது. ஆண்கள் சோடிப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது அறுபது.

ஆயினும் புத்தகத்தின் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கினி கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் சொல்லப்பட்ட ஒன்றை, நடைபாதையிலே சில்லறைக்கு வாங்கக்கூடியதாக ஆக்கியது அச்சு. ஆசிரியர் இல்லாத ஊரிலும் ஆசிரியராய் இருந்தது அது. புத்தகம் நம்மை மேசைவரை அழைத்து வரும். விதி சொல்லும், கணக்குச் சொல்லும், விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தையும் சொல்லும். அதன்பின் எதிரே அமர்ந்திருக்கும் மனிதரைப் படிக்க வேண்டும். அந்த நூலுக்கு அச்சுப் பிரதி கிடையாது.