கை எட்டும் தூரம்

பேரனை முதன்முதலாக வேட்டைக்கு அழைக்கும் பாட்டன் ஐரோப்பிய இலக்கியத்தின் மிகப் பழைய பாத்திரங்களுள் ஒருவன். ஹோமரின் ஒடிஸியில், இருபது ஆண்டுகளுக்குப் பின் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய ஒடிஸியஸின் காலைக் கழுவுகிறாள் முதிய செவிலி யூரிக்ளியா. முழங்காலுக்கு மேலிருக்கும் வடு அவள் கையில் தட்டுப்படுகிறது. வந்திருப்பவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கதை உச்சத்தில் நிற்கும் அந்த இடத்தில் ஹோமர் சற்றும் அவசரப்படாமல் வடுவின் வரலாற்றைச் சொல்லப் புகுந்துவிடுகிறார். இளமைப் பருவம் எய்திய ஒடிஸியஸ் தாய்வழிப் பாட்டன் ஆட்டோலிகஸின் வீட்டுக்குப் போகிறான். அவனுக்குப் பெயர் வைத்தவனே அந்தப் பாட்டன்தான். (திருட்டிலும் சத்தியம் செய்து ஏமாற்றுவதிலும் ஆட்டோலிகஸ் பெயர்போனவன் என்பதையும் ஹோமரே சொல்லிவைக்கிறார்.) மறுநாள் விடியலில் மாமன்மாரோடு பர்னாசஸ் மலைக்காட்டில் ஏறுகிறான். புதரிலிருந்து பாய்ந்த காட்டுப்பன்றி அவன் தொடையைக் கிழிக்கிறது. அவன் ஈட்டி அதை வீழ்த்துகிறது. மாமன்மார் காயத்தைக் கட்டி, மந்திரம் ஓதிக் குருதியை நிறுத்துகிறார்கள்.

அழைத்தவன் பாட்டன், ஆபத்தான கணத்தில் அருகே நின்றவர்கள் மாமன்மார். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் இதே காப்பியத்தில்தான் மென்டார் என்றொரு முதியவரும் வருகிறார். ஒடிஸியஸ் போருக்குப் போகும்போது வீட்டை ஒப்படைத்துச் சென்ற நண்பர் அவர். தந்தையைத் தேடிப் புறப்படும் டெலிமாக்கஸுக்குத் துணையாக, அவர் உருவத்தில் அதீனா தேவி உடன் செல்கிறாள். பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் 1699இல் வெளியான தம் 'டெலிமாக்' நூலில் இப்பாத்திரத்தை விரித்தெழுதிய பிறகு, அப்பெயர் வழிகாட்டி என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகளில் புழங்கலாயிற்று. அச்சொல் பிறகு சட்டப் புத்தகத்துக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2009இல் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம் மென்டாருக்கு இலக்கணம் வகுக்கிறது.

அச்சட்டம் வந்தபோது, 10 வயது நிறைந்த சிறுவரோ சிறுமியரோ பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே மான் வேட்டைக்குச் செல்லலாம் என்றிருந்தது. ஆனால் 18 வயது கடந்த, தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவர் கை எட்டும் தூரத்தில் உடனிருக்க வேண்டும். 2017 வரை இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான் என்ற விதியும் இருந்தது. வழிகாட்டி தாயோ தந்தையோ இல்லையென்றால் பெற்றோரின் இசைவு தேவை. ஆகவே சொந்தப் பேரனைக் காட்டுக்குக் கூட்டிச் செல்லும் தாத்தாவும் தம் மகனிடமோ மகளிடமோ அனுமதி பெற்றாக வேண்டும். ஆட்டோலிகஸ் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏறக்குறைய முடித்துக்கொண்ட நாட்டில் இருக்கும் நமக்கு இதெல்லாம் கசப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் விஸ்கான்சினில் நவம்பர் இறுதியின் ஒன்பது நாள் மான் வேட்டை, நம் ஊர்த் திருவிழாவுக்கு நிகரான குடும்ப நிகழ்ச்சி. நன்றி கூறும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை விடியலில் தொடங்கும். காட்டுக்குள் மரக்குடிசை, விறகடுப்பு, தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, தாத்தாவின் சிநேகிதர்கள். நெடுங்காலம் இந்தக் குடிசையே பள்ளிக்கூடமாகவும் இருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, குளம்படி எத்தனை நேரத்துக்கு முந்தியது, எப்போது அசையாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வாய்வழியாகக் கைமாறின.

அத்தோடு தவறான பழக்கங்களும் கைமாறின. 1966இல் அம்மாநிலத்தில் லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் துப்பாக்கி விபத்துகளில் சிக்கினார்கள். மறு ஆண்டே அரசு வேட்டைப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியது. 1985 முதல், 1973ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. வகுப்பில் முதலில் கற்பிப்பவை நான்கு விதிகள்: எந்தத் துப்பாக்கியையும் குண்டேற்றியதாகவே கருது; குழலை எப்போதும் ஆபத்தில்லாத திசையிலேயே வை; இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் உறுதி செய்துகொள்; சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். 1980இல் பளீரென்ற ஆரஞ்சு நிற உடையும் கட்டாயமாக்கப்பட்டது. விபத்து விகிதம் இப்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பாட்டன்மார் மட்டும் ஆசிரியர்களாக இருந்த காலத்தை ஏங்கி எழுதுவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பாட்டன்மாரின் பாடம் பிழைத்த இடம் இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. நம் பழம்பாடல்கள் ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் பிரித்துச் சொல்லும்; வசதி கருதி அச்சொற்களையே ஆள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் இறைச்சிச் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் வெள்ளைவால் மான் அமெரிக்கா முழுவதும் அருகிப் போயிற்று. 1900 வாக்கில் எஞ்சியவை ஐந்து லட்சமோ அதற்கும் குறைவோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவ்வாண்டு வந்த லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. விஸ்கான்சின் 1915இல் ஆளுக்கு ஒரு கலை மட்டுமே என்று விதித்தது. 1925 முதல் பத்தாண்டுக்கு மேல் ஓராண்டு விட்டு ஓராண்டு வேட்டையே இல்லை. 'பிணையைச் சுடாதே' என்பது அக்காலத்துச் சிறுவர்களுக்குத் தாத்தாக்கள் கொடுத்த முதற்கட்டளை. மான் பிழைத்ததில் அக்கட்டளைக்குப் பெரும் பங்குண்டு.

பிழைத்தது மட்டுமா, பெருகவும் செய்தது. ஓநாய்களும் அற்றுப்போய்க்கொண்டிருந்தன. 1942-43 குளிர்காலத்தில், பனிக்கு ஒதுங்கி மான்கள் கூடும் வடபகுதிக் காடுகளைப் பார்வையிடக் குடிமக்கள் குழு ஒன்று சென்றது. தலைவர் ஆல்டோ லியோபோல்ட், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். மான்களின் வாய்க்கு எட்டும் உயரம்வரை மரங்கள் மொட்டையாக நின்றன. பட்டினியில் செத்துக் கிடந்தவை பெரும்பாலும் மறிகள். லியோபோல்ட் பிணைகளையும் சுட்டாக வேண்டும் என்றார். 1943 நவம்பரில் அதற்கு அனுமதி தந்தார்கள். ஏறத்தாழ 1,28,000 மான்கள் வீழ்ந்தன. மாநிலமே கொதித்தது. அந்த ஆண்டின் குற்றம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். லியோபோல்டைத் தாக்குவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. எதிர்த்தவர்களில் ஈவிரக்கமற்றவர்கள் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். சிறுவயதில் குடிசையில் கற்ற அறத்தை நாற்பது வயதிலும் விடாமல் காத்தவர்கள் அவர்கள். காடு மாறிவிட்டது, பாடம் மாறவில்லை.

இவ்வளவும் சொன்ன லியோபோல்டும் ஒரு நல்ல ஆசானின் மாணவரே. அவருடைய தந்தை, அயோவாவில் மேசை செய்யும் தொழிற்கூடம் நடத்தியவர், சட்டம் வருவதற்கு முன்பே வசந்தகாலப் பறவை வேட்டையைத் தாமாக நிறுத்திக்கொண்டார். மகனிடம் துப்பாக்கியைக் கொடுத்தபோது, மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடலாகாது, பறக்கையில் சுடக் கற்றுக்கொள் என்று வரம்பு விதித்தார். வேட்டைக்காரனை மேற்பார்க்க நடுவரும் கிடையாது, கூட்டமும் கிடையாது என்று பிற்காலத்தில் லியோபோல்ட் எழுதியதன் வேர் அங்கிருக்கிறது. 1948 ஏப்ரலில் அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போய் அவர் இறந்தார். 'மணல் மாவட்டக் குறிப்புகள்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

பாட்டனையும் வழிகாட்டியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த பெருங்கலைஞர் வில்லியம் ஃபாக்னர். அவருடைய 'கோ டவுன், மோசஸ்' 1942இல் வந்தது. மிசிசிப்பிக் காட்டில் சிறுவன் ஐசக் மெக்காஸ்லின் தன் முதல் மானை வீழ்த்துகிறான். அதன் குருதியைத் தொட்டு அவன் முகத்தில் பூசுகிறார் சாம் ஃபாதர்ஸ். சிக்கசா இனத் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர் சாம். அவரையும் தாயையும் தந்தையே விற்றுவிட்டான். வாங்கியவர் ஐசக்கின் பாட்டனார். அந்தப் பாட்டனார் பேரனுக்கு விட்டுச்சென்றவை ஒரு பண்ணையும், தம் அடிமைப் பெண்களுக்குத் தாம் இழைத்த கொடுமையைக் காட்டிக்கொடுக்கும் கணக்கேடுகளும். இருபத்தொரு வயதில் ஐசக் பண்ணையை வேண்டாமென்று துறக்கிறான். காட்டில் பெற்றதை மட்டும் வைத்துக்கொள்கிறான். அத்துறவால் அவன் முழுமையடைந்தானா என்ற கேள்வியையும் ஃபாக்னர் விடுவதில்லை. முதிய ஐசக் வரும் கதையைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

விஸ்கான்சினின் வடபகுதியில் வெள்ளையர் குடிசைகளுக்கு மிக முந்திய வேட்டைக்காரர்கள் ஒஜிப்வே மக்கள். 1837, 1842 உடன்படிக்கைகளில் நிலத்தைக் கொடுத்தபோது அங்கே வேட்டையாடும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அவ்வுரிமை செல்லும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல்தான் தீர்ப்பளித்தது. சிறுவனின் முதல் வேட்டைக்கு அவர்களிடம் வேறு சடங்கு. முகத்தில் குருதி பூசுவதில்லை. முதல் மானை அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் விருந்தாக்கிப் பகிர்கிறான். பெரியவர் ஒருவர் அவன் வாயருகே ஒரு கவளம் நீட்டுவார். முதியவர்களையும் பசித்திருப்பவர்களையும் நினைத்து அவன் மறுக்க வேண்டும். மீண்டும் நீட்டுவார், மீண்டும் மறுப்பான். பலமுறை மறுத்த பிறகே அந்தக் கவளத்தை உண்கிறான்.

2017இல் விஸ்கான்சின் குறைந்தபட்ச வயதை அடியோடு நீக்கியது. ஒரு வயதுகூட நிறையாத சில குழந்தைகளின் பெயரிலும் உரிமச் சீட்டு வாங்கிவிட்டார்கள்! குடும்பப் பெருமையின் வேடிக்கை என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது. 1990இல் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் வாங்கிய மான் வேட்டை உரிமத்தை, 2023இல் வாங்கியவர்கள் ஐந்தரை லட்சத்தை ஒட்டியே இருந்தார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் செலவின் பெரும்பகுதி இந்த உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பெறும் வரியிலிருந்தும் வருகிறது. தாத்தாக்கள் ஓய்வுபெறப் பேரர்கள் வராமற்போனால் அந்தப் பணமும் வராது.

வருகிற பேரனுக்கோ தாத்தா தம் தாத்தாவிடம் கற்றிராத பாடம் ஒன்று காத்திருக்கிறது. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் நோயொன்று 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டுப் பரவிவருகிறது. மனிதரைத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லையென்றாலும், நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. எனவே இப்போது அங்கே, குடல் நீக்கி, தோலுரித்து, இறைச்சியைப் பங்கிட்ட பிறகு தலையைக் கழுத்தோடு ஒரு பையிலிட்டு, சுட்ட இடத்தைச் சீட்டில் எழுதி, சோதனைக்கான பெட்டியில் வைத்துவிட்டு வருகிறார்கள். முடிவு வரச் சில நாட்களாகும், சில வேளை இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை சிறுவனின் முதல் மான், அவன் பெயர் எழுதிய பொட்டலங்களாக உறைபெட்டியில் கிடக்கும்.